கைடு இரண்டு, மேசை இல்லை

பல்கலைக்கழக வளாகத்தில் அவரை அடையாளம் காண்பது எளிது. கழுத்தில் ஓர் அடையாள அட்டை தொங்கும், பர்ஸுக்குள் இன்னொன்று இருக்கும். கைக்கடிகாரம் இந்திய நேரம் காட்டும், செல்போன் திரையில் பிரிட்டன் நேரமும் கூடவே ஓடும். "சாப்பிட்டாச்சா சார்?" என்று கேட்டால் ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் பதில் சொல்வார். காலைச் சாப்பாடா, ராத்திரிச் சாப்பாடா என்று அவருக்கே சந்தேகம்.

இவர் படிப்பது ஸ்பிளிட் சைட் பிஎச்.டி. கேன்டீன் வட்டாரத்தில் சாண்ட்விச் பிஎச்.டி. மரியாதை கருதி நாம் அவரைச் சாண்ட்விச்சார் என்று அழைப்போம். பதிவு உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில், பட்டமும் அங்கேதான். நடுவில் கொஞ்ச காலம் வெளிநாட்டு ஆய்வகம். காமன்வெல்த் ஸ்பிளிட் சைட் உதவித்தொகை கிடைத்தால் 12 மாதம் வரை பிரிட்டனில் இருக்கலாம். ஃபுல்பிரைட்-நேரு ஃபெல்லோஷிப் என்றால் 6 முதல் 9 மாதம் அமெரிக்கா. பிரான்சில் 'கோத்யூதெல்' என்று ஓர் ஏற்பாடு உண்டு: ஒரே ஆய்வேடு, ஒரே வைவா, இரண்டு பல்கலைக்கழகமும் சேர்ந்து ஒப்புக்கொள்ளும் பட்டம். எந்த வகையாக இருந்தாலும் இரண்டு பக்கமும் ரொட்டி. நடுவில் நசுங்குகிற வெள்ளரிக்காய் நம் ஆள்.

நம் சாண்ட்விச்சாரின் ஆராய்ச்சி காவிரி டெல்டா வயல் மண்ணில் வாழும் பாக்டீரியாவைப் பற்றியது. அதற்காக அவர் போகவேண்டிய ஊர் ஸ்காட்லாந்தில் டே ஆற்றங்கரையில் உள்ள டண்டீ. ஒருகாலத்தில் வங்காளத்துச் சணலை இறக்கிச் சாக்கு நெய்த ஊர். ஆனால் வீட்டில் யாரும் டண்டீ என்று சொல்வதில்லை. "பையன் லண்டன்ல இருக்கான்." லண்டனுக்கும் டண்டீக்கும் ஏறக்குறைய சென்னைக்கும் கன்னியாகுமரிக்கும் உள்ள தூரம் என்று அவர் விளக்கிப் பார்த்தார். "அதனால என்ன, சனி ஞாயிறு போயிட்டு வந்துடலாமே" என்றார் பெரியப்பா.

புறப்படுவதற்கு முன் அவர் கற்றுக்கொண்ட ஆராய்ச்சி முறையின் பெயர் 'த்ரூ ப்ராப்பர் சேனல்'. விண்ணப்பம் கைடிடம் போய், துறைத்தலைவரிடம் போய், பதிவாளர் அலுவலகத்துக்குப் போய், அங்கே ஒரு செக்‌ஷனில் உட்கார்ந்துகொள்ளும். தடையில்லாச் சான்று வாங்கத்தான் எத்தனை தடை! "தம்பி, கவரிங் லெட்டர்ல தேதி இல்லையே" என்பார் செக்‌ஷன் அண்ணன். தேதி போட்டுக்கொண்டு வந்தால், "தேதி பழசாயிடுச்சே தம்பி."

அவருக்கு விசா வேண்டும். அவருடைய மண்ணுக்கும் அனுமதி வேண்டும். 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பன்மயச் சட்டப்படி, நம் நாட்டு உயிரி மாதிரிகளை ஆய்வுக்காக வெளியே கொண்டுபோவதென்றால் தரமணியில் இருக்கும் தேசியப் பல்லுயிர் ஆணையத்தை அணுகவேண்டும். பிரிட்டனோ வெளிநாட்டு மண்ணை லைசென்ஸ் இல்லாமல் உள்ளே விடாது. மண்ணில் இருக்கும் பூச்சியும் கிருமியும் தங்கள் பயிருக்குப் பரவிவிடுமோ என்ற பயம் அவர்களுக்கு. மனிதனிடமும் பயம் உண்டு. 6 மாதத்துக்கு மேல் தங்க இந்தியாவிலிருந்து விசா கேட்பவர் காசநோய்ச் சோதனை செய்து சான்றிதழ் காட்டவேண்டும். ஆக, சாண்ட்விச்சார் நெஞ்சுக்கு எக்ஸ்ரே எடுத்தார். மண்ணுக்கு எக்ஸ்ரே கேட்காதது ஒன்றுதான் அந்த மாதத்தில் நடந்த நல்ல செய்தி.

டண்டீயில் அவரை வரவேற்று ஓர் அட்டை கொடுத்தார்கள். அதில் 'விசிட்டிங் ஸ்டூடன்ட்' என்று இருந்தது. விருந்தாளிக்குச் சொந்த மேசை கிடையாது. காலையில் யார் முதலில் வருகிறாரோ அவருக்கு ஜன்னலோரம். டிசம்பரில் மதியம் மூன்றரை மணிக்கே சூரியன் போய்விடுவதால் ஜன்னலோரத்தால் பெரிய லாபம் ஒன்றும் இல்லை என்று அவர் தன்னைத் தேற்றிக்கொண்டார்.

அங்கே அவரை மிகவும் சோதித்தது குளிர் அல்ல. கோ-கைடை எப்படிக் கூப்பிடுவது என்பதுதான். பெயர் சொல்லிக் கூப்பிடு என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். அறுபது வயதுப் பேராசிரியரைப் பெயர் சொல்லிக் கூப்பிட நம் ஊரில் வளர்ந்த நாக்கு எப்படித் திரும்பும்? 'சார்' என்று சொன்னால் பக்கத்தில் இருப்பவர்கள் சிரிக்கிறார்கள். ஆகவே விளி இல்லாமலே வாக்கியம் அமைக்கும் கலையில் அவர் தேர்ந்தார். கூப்பிட வேண்டியிருந்தால் அருகில் போய் நின்று இருமுவார். தங்கள் ஊர்க் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து அந்த நல்ல மனிதர் அவருக்கு இருமல் மாத்திரை வாங்கிக் கொடுத்தார்.

உள்ளூர் டாக்டரல் கமிட்டிக் கூட்டம் காலை 11 மணிக்கு. டண்டீயில் அப்போது குளிர்கால விடியற்காலை ஐந்தரை. வீட்டில் கூடத் தங்கியிருப்பவர்கள் தூங்குகிறார்கள். சாண்ட்விச்சார் போர்வைக்குள் தலையை விட்டுக் கிசுகிசுப்பாக வாசிக்கிறார். "என்னப்பா முனகுற? கண்டுபிடிச்சதைத் தைரியமாச் சொல்லு!" என்கிறார் கமிட்டி உறுப்பினர். தைரியமாகச் சொன்னதும் பக்கத்து அறையிலிருந்து சுவரில் தட்டு விழுகிறது. பிரிட்டன்காரர்கள் மார்ச் கடைசியிலும் அக்டோபர் கடைசியிலும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் மாற்றுவார்கள். அந்த இரண்டு வாரங்களிலும் கைடுகளில் ஒருவர் கணினி முன்னால் தனியாக உட்கார்ந்து கோபப்பட்டுக்கொண்டிருப்பார்.

அங்கே இருக்கும்வரை அவர் வாயில் நம் ஊர்தான். "எங்க லேப்ல ஒரே ஆட்டோகிளேவ், மூணு டிபார்ட்மென்ட் வரிசையில நிக்கும். அப்பவும் பேப்பர் வருது பாருங்க!" திரும்பி வந்ததும் ராகம் மாறிவிடும். "டண்டீல இன்னிக்கு ஆர்டர் போட்டா நாளைக்கு என்சைம் டேபிளுக்கு வந்துடும்." கேட்டுக்கொண்டிருக்கும் ஜூனியர், ஏர்போர்ட் கஸ்டம்ஸில் ஐஸ் உருகிக்கொண்டிருக்கும் தன் பார்சலை நினைத்துப் பெருமூச்சு விடுவான்.

ஆனால் சாண்ட்விச்சாரின் உண்மையான ஆராய்ச்சிப் பொருள் பாக்டீரியா அல்ல, கைடுகள். இங்கே உள்ளவர், "இலக்கிய மதிப்பாய்வு அறுபது பக்கமாவது வேணும்ப்பா, இல்லேன்னா தீசிஸ் மாதிரியே இருக்காது" என்பார். அங்கே உள்ளவர் அந்த அறுபது பக்கத்தின் குறுக்கே ஒரு கோடு போட்டு, ஓரத்தில் ஒரு கேள்விக்குறி வைப்பார். இவர் சேர்த்ததை அவர் வெட்டுவார், அவர் வெட்டியதை இவர் தேடுவார். கணினியில் 'ஃபைனல்-ஊர்', 'ஃபைனல்-டண்டீ', 'ஃபைனல்-ரெண்டு பேருக்கும்' என்று கோப்புகள் பெருகும்.

நான்காம் அத்தியாயத்தில்தான் அவர் ஞானம் அடைந்தார். அதை இங்கே உள்ள கைடு படிக்கவில்லை. அங்கே உள்ளவர் பார்த்திருப்பார் என்ற நம்பிக்கை. அங்கே உள்ளவரும் படிக்கவில்லை. ஊரில் இருப்பவர்தானே முதல் பொறுப்பு என்ற நியாயம். இருவரும் மற்றவர்மீது வைத்த அளவில்லாத மரியாதையால் அந்த அத்தியாயம் மனிதக் கண் படாமல் வளர்ந்தது. அன்றிலிருந்து சாண்ட்விச்சார் ஓர் ஆயுதம் ஏந்தினார். இங்கே திருத்தம் சொன்னால், "கோ-கைடு இப்படியே இருக்கட்டும்னு சொல்லிட்டாங்க சார்." அங்கே கேள்வி கேட்டால், "எங்கள் பல்கலைக்கழக விதி அப்படி." இரண்டு பக்கமும் தலையாட்டின. வெளிநாட்டு நிபுணரை எதிர்க்க இவருக்கு மனமில்லை. இந்தியப் பல்கலைக்கழக விதியைப் புரிந்துகொள்ள அவருக்குத் தெம்பில்லை.

ஊர் திரும்பும்போது பெட்டியில் ஷார்ட்பிரெட் டின்கள். பங்கீட்டில் அவருடைய உலக ஞானம் தெரியும். கைடுக்கு நடுத்தர டின், துறைத்தலைவருக்கு அதே அளவு, ஜூனியர்களுக்கு ஆளுக்கு இரண்டு பிஸ்கட். மிகப் பெரிய டின் செக்‌ஷன் அண்ணனுக்கு. காரணம், சாண்ட்விச்சார் 'ஜாயினிங் ரிப்போர்ட்' எழுதிக் கொடுத்து, அது சேனல் வழியாகப் போய்த் திரும்பினால்தான் நின்றுபோன ஃபெல்லோஷிப் மறுபடி ஓட ஆரம்பிக்கும்.

லேபில் அவர் மேசையில் ஒரு புதுப் பெண் உட்கார்ந்திருந்தார். "நீங்க ஃபாரின்லயே செட்டில் ஆயிட்டீங்கன்னு சொன்னாங்க சார்." தெருவில் வேறு விதம். போகும்போது "லண்டன் மாப்பிள்ளை" என்று ஜாதகம் கேட்டு வந்த தரகர், பத்து மாதத்தில் ஆள் திரும்பியதும் அம்மாவைத் தனியாக அழைத்துக் குரல் தாழ்த்திக் கேட்டார்: "ஏங்க, அனுப்பிட்டாங்களா?"

பிறகு ஆய்வேடு. யுஜிசியின் 2018 விதிமுறைப்படி ஒப்புமை 10 சதவீதத்துக்குள் இருந்தால் அபராதம் இல்லை. மென்பொருளில் போட்டபோது பக்கம் பக்கமாகச் சிவந்தது. டண்டீயில் அவரே சமர்ப்பித்த அறிக்கையைக் கண்டுபிடித்து, அவரிடமிருந்தே அவர் திருடியிருப்பதாக அது காட்டியது. "இவரும் அவரும் ஒருவரே" என்று கைடு ஒரு சான்று எழுதிக் கொடுத்தார்.

பிரிட்டனில் வைவா என்றால் மூடிய அறை, வழக்கமாக இரண்டு தேர்வாளர்கள், அவ்வளவுதான். நம் ஊரில் அது பொது நிகழ்ச்சி. அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டி, தேர்வாளருக்குப் பொன்னாடை வாங்கி, சமோசா எண்ணி, மதியச் சாப்பாட்டுக்குச் சொல்லிவைக்க வேண்டும். வாசலில் சமோசா வாசனை வந்ததும் பார்வையாளர்களின் கேள்விகள் தாமாகவே குறைந்துவிடும். அந்த மேடையில்தான் இரண்டு கைடுகளும் காணொளி வழியாக முதல்முறை நேருக்கு நேர் பேசிக்கொண்டார்கள்.

"நான்காம் அத்தியாயம் முழுக்க உங்கள் வழிகாட்டுதலின் சிறப்பு" என்றார் இவர். "இல்லை இல்லை, அந்தப் பெருமை உங்களுக்கே" என்றார் அவர். இருவரும் பணிவில் ஒருவரை ஒருவர் மிஞ்சிக்கொண்டிருந்தபோது, தேர்வாளர் அந்த அத்தியாயத்திலிருந்தே ஒரு கேள்வி கேட்டார். அரங்கில் அதற்குப் பதில் தெரிந்தவர் ஒருவர்தான். இருபது நிமிடம் அசராமல் பேசினார். யாரும் படிக்காத அத்தியாயத்தைத் தவறில்லாமல் எழுத வேண்டியிருந்த மனிதருக்கு, அதை வரிக்கு வரி தெரியாமல் எப்படி இருக்கும்? இரண்டு பேர் மேற்பார்த்ததால் தன்னைத் தானே மேற்பார்த்துக்கொள்ளக் கற்றுக்கொண்டவர் அவர். பட்டத்தில் அதற்கு மதிப்பெண் கிடையாது. ஆனால் பட்டம் அதற்குத்தான்.

இன்று சாண்ட்விச்சார் உதவிப் பேராசிரியர். ஒருவழியாகச் சொந்த மேசை. எதிரே அவருடைய முதல் ஆய்வு மாணவி, டண்டீயில் 10 மாதம் இருந்துவிட்டு வந்தவர், முடிக்காத நான்காம் அத்தியாயத்தோடு நிற்கிறார்.

"கோ-கைடு இப்படியே இருக்கட்டும்னு சொல்லிட்டாங்க சார்."

"அப்படியாம்மா? ரொம்ப நல்லது" என்றபடி சார் செல்போனை எடுத்தார். "அங்க இப்ப காலை பத்து மணி. இரு, நானே ஒரு வார்த்தை கேட்டுடறேன்."

அத்தியாயம் அடுத்த வாரமே முடிந்துவிட்டது.