பூசணத்துக்குக் காற்றோட்டம்

லெஸ்டர்
ஜூலை

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சௌக்கியம். உன் முட்டுவலி தேவலையா? குற்றாலத்தில் சீசன் களைகட்டிவிட்டதாக அண்ணன் போனில் சொன்னான். அப்படியென்றால் நம் தென்காசி வீட்டுக் கொடியில் போன வாரம் காயப்போட்ட வேட்டி இன்னும் ஈரமாகத்தான் கிடக்கும். அப்பாவின் தோல்செருப்பில் பூசணம் பூத்திருக்கும்.

அந்தப் பூசணத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

கூட வேலை பார்க்கும் வெள்ளைக்காரர் ஒருவர் நேற்று விருந்துக்குக் கூப்பிட்டார். சாப்பாடு முடிந்ததும் ஒரு தட்டில் வெளிறிய கட்டி ஒன்று வந்தது. உள்ளே, ஆச்சியின் கெண்டைக்கால் மாதிரி, நீல நரம்பு ஓடியிருந்தது. கெட்டுப்போனது தெரியாமல் வைத்துவிட்டார், பாவம் என்று நைசாகத் தட்டை நகர்த்தினேன். அவர் திரும்ப என் பக்கமே நகர்த்தினார். ஸ்டில்டன் சீஸாம். அந்த நீலத்துக்குத்தான் காசாம்.

பசும்பாலில் பூசண வித்தைக் கலந்து, உறையவைத்து, ஏறக்குறைய 8 கிலோ உருளையாக்கி, ஆறு வாரம் போனதும் எஃகு ஊசியால் சுற்றிலும் குத்துகிறார்கள். எதற்குத் தெரியுமா? பூசணத்துக்கு மூச்சு முட்டக் கூடாதே! ஊறுகாய்ப் பரணியில் ஈரக் கரண்டியை விட்டேன் என்று நீ என்னைத் தெரு வரைக்கும் விரட்டினாயே, அதுதான் ஞாபகம் வந்தது.

இன்னொரு கூத்து: ஸ்டில்டன் என்ற ஊரில் ஸ்டில்டன் செய்யக் கூடாது. லண்டனிலிருந்து வடக்கே போகும் கோச்சு வண்டிகள் நிற்கும் ஊர் அது. அங்கே சத்திரத்தில் விற்றதால் பேர் ஒட்டிக்கொண்டது. செய்ய உரிமை லெஸ்டர்ஷயர், டெர்பிஷயர், நாட்டிங்காம்ஷயர் மூன்றுக்கும் மட்டும். 1996 முதல் சட்டக் காப்பு. தாமிரபரணித் தண்ணி இல்லாமல் அல்வாவா என்று நாம் வாயால் சொல்வதை இவர்கள் காகிதத்தில் எழுதி முத்திரை குத்திவிட்டார்கள். ராபின்சன் குரூசோ எழுதிய டீஃபோ 1720-களில் அந்த ஊர்ப் பக்கம் போனபோது, சீஸோடு புழுவும் மேசைக்கு வந்ததாம், அள்ளித் தின்னக் கரண்டியோடு. நான் முந்நூறு வருஷம் பிந்திப் போனதால் பிழைத்தேன்.

வாயில் போட்டேன். முதலில் உப்பு. அப்புறம் ஒரு காறல். அதற்கப்புறம், சத்தியமாகச் சொல்கிறேன் அம்மா, சாரல் காலத்து நம் பின்கட்டு! ஐந்தருவியில் குளித்த துண்டைப் பையிலேயே மறந்துவிட்டு மறுநாள் எடுத்தால் வருமே, அந்த வாடை. கண் கலங்கிவிட்டது. சீஸ் உறைக்கிறது போல என்று அந்த வீட்டம்மா ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

இரண்டாவது துண்டை நானே கேட்டு வாங்கினேன். இதை அப்பாவிடம் சொல்லாதே, விலை கேட்பார். ஊறுகாயில் பூசணம் கண்டால் நீ வழக்கம்போலத் தூக்கிப் போடு. எல்லாப் பூசணமும் தின்கிற பூசணம் இல்லையாம்.

அந்தச் செருப்பை மட்டும் துடைக்காமல் வை. ஆகஸ்டில் வருகிறேன்.

உன் அன்பு மகன்