வடிவத்துக்கு அடங்காத தரவு: மாலைக்குள் முடிக்க ஆறு வழிகள்

முள்ளிவாய்க்கால் கிழக்கு, மேற்கு கிராமங்களில் காணாமல் ஆக்கப்பட்டோரின் பட்டியல்களை ஒரே ஜேசன் கோப்பாக்கும் வேலை உங்களிடம் வந்திருக்கிறது என்று வையுங்கள். ஒன்று கொப்பியில், ஒன்று எக்செலில், ஒன்று அரசின் விசாரணை ஆணைக்குழுவுக்குக் கொடுத்த மனுவின் மங்கிய பிரதியில். ஒன்றின் வடிவம் மற்றதில் இல்லை. பயப்படாதீர்கள். கீழே உள்ளபடி செய்தால் மாலையில் நந்திக்கடல் காற்று வாங்கலாம்.

1. பெயரை இரண்டாக வெட்டுங்கள். படிவம் முதற்பெயரும் குடும்பப்பெயரும் கேட்கும். எங்களிடம் குடும்பப்பெயர் இல்லை. முன்னால் நிற்பது தகப்பன் பெயர். அதையே முதற்பெயராகப் போடுங்கள். மகனைத் தேடினால் தகப்பன் அகப்படுவார். யாரோ ஒருவர் அகப்பட்டால் போதாதா?

2. வெறுமையானதை எழுதாதீர்கள். கோ மொழியில் 'ஓமிட்எம்ப்டி' என்றொரு வசதி உண்டு. வெற்றுச் சொல்லையும் 'இல்லை' என்ற பதிலையும் பூச்சியத்தையும் கோப்பில் சேர்க்காமலே விட்டுவிடும். கோப்பு மெலியும். பங்கருக்குள் பிறந்து ஒரு வயது நிரம்பாத பிள்ளையின் வயதும் பூச்சியந்தான். கோப்பு இன்னும் மெலியும்.

3. ஒருமை பன்மையைக் கருவியிடம் விடுங்கள். எக்ஸ்எம்எல்லை ஜேசனாக்கும் கருவிகள் பல, ஒருவர் இருந்தால் தனி ஆளாகவும் பலர் இருந்தால் பட்டியலாகவும் எழுதும். பட்டியலை எதிர்பார்க்கும் புரோகிராம், ஒருவரை மட்டும் தொலைத்த வீட்டில் உடைந்து நிற்கும். கவலை வேண்டாம், இங்கே பல வீடுகளில் அந்தப் பிழை வராது.

4. வகைகளின் வரிசையைக் கவனியுங்கள். ரஸ்ட் மொழியின் 'சேர்டே' நூலகத்துக்கு அடையாளம் இடாத வகைகளைக் கொடுத்தால், எழுதிய வரிசையிலேயே பொருத்திப் பார்த்து, முதலில் பொருந்துவதோடு நின்றுவிடும். 'இறந்தவர்' என்பதை முதலில் எழுதிவிடுங்கள். எல்லாரும் அதற்குள் அடங்குவார்கள். இதற்கு முன்மாதிரி உண்டு. இலங்கையின் 2010ஆம் ஆண்டு 19ஆம் இலக்கச் சட்டம், காணாமற்போனவரை இறந்தவராகப் பதியத்தான் வழி வைத்தது. 'ஆளைக் காணவில்லை' என்று மட்டும் சொல்லும் சான்றிதழுக்குச் சட்டத்தில் இடம் கிடைத்தது 2016இல்.

5. எண்ணிக்கைப் புலத்துக்கு எண் கேளுங்கள். ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011இல், இறுதிப் போரில் இறந்த பொதுமக்கள் '40,000 வரை' இருக்கலாம் என்றது. 'வரை' எண் அல்ல, வெட்டிவிடுங்கள். மன்னார் ஆயர் இராயப்பு யோசப்பு ஆண்டகை அதே ஆண்டு சனவரியில் அரசின் விசாரணை ஆணைக்குழு முன் வைத்தது ஒரு கழித்தல் கணக்கு: 2008 ஒக்டோபரில் வன்னியில் இருந்தோர் 429,059, 2009 யூலை 10 வரை அரச பகுதிக்கு வந்தோர் 282,380, மிச்சம் 146,679 பேருக்கு என்ன நடந்தது? கேள்விக்குறியும் எண் அல்ல. அதையும் வெட்டுங்கள்.

6. கடைசியாக, 'உயிருடன் உள்ளாரா?' ஆம், இல்லை என்ற இரண்டுதான். வட்டுவாகலில் மகனை இராணுவத்திடம் தன் கையாலேயே ஒப்படைத்த தாயிடம் கேளுங்கள். "வருவான் தம்பி. அப்பிடியே எழுதுங்கோ" என்பா. புரோகிராம் பிழைச்செய்தி காட்டும்.

இந்த இடத்தில் என் யோசனைகள் முடிந்துவிடுகின்றன. பிழை அவவின் பதிலில் இல்லை; கட்டத்தைப் போட்டவரிடம் இருக்கிறது. ஆகவே மேலே உள்ள ஆறையும் அழித்துவிட்டுத் திரும்பத் தொடங்குங்கள். ஒருவரோ ஒன்பது பேரோ, எப்போதும் பட்டியலாகவே எழுதுங்கள். பூச்சியத்தைப் பூச்சியமாகவே எழுதுங்கள். கேட்டும் தெரியாததற்கு 'நல்' (null) போடுங்கள். கேட்கவேயில்லை என்றால் அந்தப் புலத்தையே விட்டுவிடுங்கள். இரண்டும் ஒன்றல்ல. எண்ணுக்குப் பக்கத்தில் அதைச் சொன்னவரையும் திகதியையும் வையுங்கள்.

பிறகு ஒவ்வொரு பதிவிலும் இன்னொரு புலம் திறவுங்கள். பெயர்: 'சொன்னபடி'. வகை: சரம். நீளத்துக்கு எல்லை வைக்காதீர்கள்.