சரோஜினி நகர் கடிதம்: குதிரைக்கு ஒரு குட்டி லாரி

சரோஜினி நகர், புது டில்லி

அன்புள்ள அண்ணனுக்கு,

குதிரை ஏற்றும் சிறிய லாரிக்கு மூன்று வரம்புகள் உண்டு: ஓட்டுபவரின் உரிமம், வண்டி தாங்கும் எடை, குதிரை நிற்கும் தளத்தின் பரப்பு. வாங்குபவர்கள் வழக்கமாகப் பார்ப்பது வேறு மூன்று: விலை, நிறம், முகப்பில் எழுதப்போகும் குலசாமி பெயர். அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடிச் சந்தையில் மார்வாரிக் குதிரை வாங்க நினைக்கும் அண்ணன், குதிரைக்கு முன்பே லாரியை, அதுவும் டில்லியில் மலிவு விலைக்குக் கேட்டிருப்பதால், முதல் மூன்றையும் வரிசையாகச் சொல்லிவிடுவது நல்லது. விலைக்குக் கடைசியில் வரலாம். நிறத்தையும் குலசாமியையும் அண்ணியே முடிவு செய்துவிடுவார்.

உரிமத்தில் இந்தியச் சட்டம் தாராளம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, மொத்த எடை 7,500 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டி இலகுரக வாகனம். மொத்த எடை என்பது வண்டி, மேலே கட்டிய கூண்டு, டீசல், ஓட்டுநர், துணைக்கு வரும் ஆள், குதிரை, குதிரை குடிக்கும் தண்ணீர் எல்லாம் சேர்ந்து இவ்வளவுதான் போகலாம் என்று பதிவுச் சான்றில் எழுதியிருக்கும் உச்ச அளவு. கார் ஓட்டும் உரிமம் உள்ளவர் இந்த அளவுக்குள் அடங்கும் சரக்கு வண்டியை ஓட்டலாமா, அதற்குத் தனி அனுமதி வேண்டுமா என்று காப்பீட்டு நிறுவனங்கள் பல ஆண்டுகள் வழக்காடின. தனி அனுமதி வேண்டாம் என்று 2017-இல் முகுந்த் தேவாங்கன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2024 நவம்பர் 6 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வும் அதையே உறுதி செய்தது. ஆகவே, ஆயுளில் மாருதியைத் தவிர வேறெதையும் ஓட்டாதவரும் நாளைக் காலை ஏழு டன் லாரியில் ஏறி உட்காரச் சட்டப்படி தகுதியானவர். இதில் குதிரையின் கருத்து கேட்கப்படவில்லை. ஏழரை டன்னுக்கு மேல் 12 டன் வரை நடுத்தர வண்டி, அதற்கு மேல் கனரக வண்டி. அவற்றுக்குத் தனி உரிமம் வேண்டும். ஒன்றிரண்டு குதிரை வைத்திருப்பவர் அந்தப் பக்கம் போக வேண்டியதே இல்லை.

பிரிட்டனில் இதே கேள்வி குடும்பச் சண்டையாகவே மாறியிருக்கிறது. அங்கே 1997 ஜனவரி 1-க்கு முன் கார் உரிமம் பெற்றவர்கள் ஏழரை டன் வரை ஓட்டலாம். அதற்குப் பின் பெற்றவர்களுக்கு மூன்றரை டன்தான் எல்லை. மேலே போகத் தனித் தேர்வு எழுத வேண்டும். குதிரைக்குச் சொந்தக்காரி பேத்தி, லாரி ஓட்டத் தகுதியுள்ளவர் தாத்தா என்ற நிலை. தாத்தாவை நம்ப முடியாதவர்களுக்காகவே மூன்றரை டன் குதிரை லாரிகள் அங்கே பெருகின. அவற்றில் இரண்டு குதிரைக்கு இடம் இருக்கும். இரண்டு பெரிய குதிரைகள் ஏறினால் எடை பெரும்பாலும் வரம்பை முட்டும், சில வண்டிகளில் தாண்டியும் விடும். இடம் இருப்பதாலேயே ஏற்றலாம் என்று பொருளல்ல. சிறிய குதிரை லாரி வாங்கும் எவரும் முதலில் கற்க வேண்டிய பாடம் இதுதான். இந்தியாவுக்கும் இது அப்படியே பொருந்தும்.

அடுத்தது எடை. குதிரையை எடை மேடைக்கு அழைத்துப் போக முடியாத இடத்தில் தையற்கார நாடாவே போதும். முன்கால்களுக்குச் சற்றுப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவையும், தோள் முனையிலிருந்து பின்தொடை முனை வரை உடல் நீளத்தையும் சென்டிமீட்டரில் அளக்க வேண்டும். சுற்றளவைச் சுற்றளவாலேயே பெருக்கி, பிறகு நீளத்தால் பெருக்கி, 11,877-ஆல் வகுத்தால் எடை கிலோவில் கிடைக்கும். சுற்றளவு 172, நீளம் 160 உள்ள குதிரை சுமார் 400 கிலோ. பந்தயக் குதிரை இதைவிட நூறு கிலோ கூடுதலாகவும் இருக்கும். தரகர் சொல்லும் எடை விற்கும்போது ஒன்று, லாரி வாடகை பேசும்போது வேறொன்று. நாடாவுக்கு அந்தப் பழக்கம் இல்லை.

குதிரையோடு மற்றவற்றையும் கூட்ட வேண்டும். ஓட்டுநரும் துணையாளும் 140 கிலோ, இரும்புக் கூண்டும் ஏறு பலகையும் 200 கிலோ, ரப்பர் விரிப்பு 40 கிலோ, தண்ணீரும் தீவனமும் 70 கிலோ என்று வைத்தால் அதுவே 450 ஆகிவிடுகிறது. 400 கிலோக் குதிரை ஒன்று வண்டிக்கு 850 கிலோச் சுமை. பெரும்பாலான கணக்குகள் தவறுவது இந்த இரண்டாவது பாதியில்தான்.

மூன்றாவது தளம். கால்நடை ஏற்றும் வண்டிகளுக்காக மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2015-இல் சேர்க்கப்பட்டு, 2016 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த விதி, குதிரை ஒன்றுக்கு 2.25 சதுர மீட்டர் இடமும் நிலையான தடுப்பும் வேண்டும் என்கிறது. அடிக்கணக்கில் ஏறக்குறைய 24 சதுர அடி. அதே விதியில் இன்னொரு வரி: கால்நடைக்கென்று அமைத்த வண்டியில் வேறு சரக்கு ஏற்றக்கூடாது. போகும்போது குதிரை, வரும்போது வெற்றிலைக் கட்டு என்று அண்ணன் போட்டிருக்கும் கணக்கில் இரண்டாம் பாதி இங்கே அடிபட்டுப் போகிறது.

இந்த மூன்று சல்லடையிலும் சந்தையில் உள்ள வண்டிகளைச் சலித்துப் பார்க்கலாம். டில்லியில் எங்கும் கண்ணில் படுவது 2005-இல் வந்த டாடா ஏஸ். வடக்கே சோட்டா ஹாத்தி, நம்மூரில் குட்டி யானை. சுமைத் திறன் 750 கிலோ அளவில்தான். ஒரு குதிரைக்கான 850 கிலோக் கணக்கில் யானை நூறு கிலோ தோற்றுப்போகிறது. தளம் ஒரு குதிரைக்குப் போதுமானதாகத் தெரியும். நீளம் ஏழு அடிதான் என்பதால் மூக்கு முன்பலகையிலும் பின்புறம் பின்கதவிலும் இடிக்கும். 2022-இல் அறிமுகமான மின்சார ஏஸின் சுமைத் திறன் 600 கிலோ. காலை, மாலை நெரிசல் நேரத்தில் டில்லியின் பல சாலைகளில் சரக்கு வண்டி நுழையக் கூடாது. அந்தத் தடையிலிருந்து சிறிய மின்சார வண்டிகளுக்கு 2021-இல் விலக்கு கிடைத்தது. எந்த நேரமும் போகலாம், ஆனால் குதிரை இல்லாமல்.

ஏஸில் குதிரை ஏறுவதைப் பார்க்க ஆசைப்படுபவர் கல்யாண சீசனில் சரோஜினி நகர் பக்கம் வந்தால் போதும். மலிவு விலைத் துணிக்குப் பேர்போன சந்தையில் கூட்டம் குறையும் நேரத்தில், மாப்பிள்ளை ஊர்வலத்துக்கான வெள்ளைக் குதிரைகள் பின்தெருக்களில் வந்து சேரும். இங்கே மாப்பிள்ளை குதிரையில் வந்தால்தான் கல்யாணம். காரில் வருபவர் விருந்தாளி. ஏறு பலகை கிடையாது. நடைபாதை ஓரத்து மண்மேட்டை ஒட்டி வண்டியைப் பின்னால் எடுத்து நிறுத்துவார்கள். ஒரு பையன் கைநிறையக் கொண்டைக்கடலையோடு உள்ளே போய் நிற்பான். குதிரை ஒரு முன்காலைத் தகரத்தில் வைக்கும். டங்கென்று சத்தம் வந்ததும் காலை எடுத்துவிடும். கடலை, அதட்டல், சீட்டி எதற்கும் அசையாது. கடைசியில் யாராவது ஒரு சாக்கைத் தகரத்தில் விரிப்பார்கள். சத்தம் நின்றதும் குதிரை தானாக ஏறிவிடும். நாற்பது கிலோ ரப்பர் விரிப்பை எடைக் கணக்கில் சேர்த்ததற்குக் காரணம் அந்தச் சத்தமும் வழுக்கலும்தான்.

ஒரு குதிரைக்குச் சரியான வண்டி அசோக் லேலண்ட் தோஸ்த் போன்ற ஒண்ணேகால் டன் ரகம். 2011-இல் வந்தது, ஓசூரில் தயாராவது. 1,250 கிலோத் திறனில் 850 போக 400 கிலோ மிச்சம். தளம் எட்டடிக்கு ஐந்தடி சொச்சம் என்பதால் ஒரு குதிரைக்கு வசதி, இரண்டுக்குப் போதாது. இந்த ரகத்தில் வேறொரு லாபமும் உண்டு. மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்கு பெர்மிட் தேவையில்லை என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 66-வது பிரிவு. உரிமத்தின் ஏழரை டன்னைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள்; சிறு வண்டிக்காரருக்கு உண்மையில் காசு மிச்சம் பிடிப்பது இந்த மூன்று டன் கோடு.

இரண்டு குதிரை என்றால் மஹிந்திரா பொலிரோ பிக்கப்பின் 1.7 டன் ரகம். இரண்டு குதிரை 800, மூன்று ஆட்கள் 210, கூண்டு 300, விரிப்பு 60, தண்ணீர், தீவனம் 140 என மொத்தம் 1,510 கிலோ, எடை தேறுகிறது. ஒன்பதடிக்கு ஐந்தரை அடித் தளம் 49.5 சதுர அடி. தேவை 48 சொச்சம். தேறுகிறது, ஆனால் தடுப்பின் தடிமனையும் கழித்தால் மூச்சு முட்டும். மூன்று டன் கோட்டைத் தாண்டுவதால் பெர்மிட்டும் வேண்டும். பெர்மிட் எடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால், 1986 முதல் ஓடிக்கொண்டிருக்கும் டாடா 407 நிம்மதி. எடையில் ஏழரை டன்னுக்கு வெகு கீழே, தளத்தில் இரண்டு குதிரைக்குத் தாராளம். மூன்றாவது குதிரைக்கு உச்ச நீதிமன்றம் போனாலும் இடம் கிடைக்காது.

கூண்டு கட்டும்போது எடை மீண்டும் மாறும். 1978-ஆம் ஆண்டு விலங்குகள் போக்குவரத்து விதிகள் குதிரைக்கென்று தனி அத்தியாயமே வைத்திருக்கின்றன. வழுக்காத தளம், பக்கங்களில் மெத்தை, குதிரைகளுக்கு நடுவே எட்டு சென்டிமீட்டர் விட்டமாவது உள்ள மூங்கில் கம்பு ஆகியவை வேண்டும். எதிரே வரும் வண்டிகளைப் பார்த்து மிரளாமலிருக்கத் தலை இடப்பக்கம் இருக்க வேண்டும். விதி எழுதியவர்கள் மனதில் இருந்தது பெரிய லாரி. சின்ன வண்டியில் குதிரையைச் சாய்வாக, தலை இடப்பக்கம் வருமாறு நிறுத்துவதே வழி. வேகம் மணிக்கு 35 கிலோமீட்டருக்கு மேல் கூடாது. டில்லியிலிருந்து அந்தியூர் சுமார் 2,400 கிலோமீட்டர். விதிப்படி ஓட்டினால் ஓட்டம் மட்டும் 69 மணி நேரம். லாரியை டில்லியில் வாங்கினாலும் குதிரையைச் சந்தையிலேயே வாங்குவது எல்லோருக்கும், முக்கியமாகக் குதிரைக்கு, நல்லது. கூண்டு கட்டிய பிறகு அதை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் காட்டிப் பதிவுச் சான்றில் ஏற்ற வேண்டும். வெற்று எடை கூடும், ஏற்றக்கூடிய எடை அதே அளவு குறையும். கூண்டுக் கடைக்காரர் தகரத்தின் கனத்தைப் பெருமையாகச் சொல்லும்போது, அவ்வளவு குதிரையை அவர் இறக்கி வைக்கிறார் என்று புரிந்துகொள்ள வேண்டும்.

கணக்குத் தப்பினால் அபராதம். 2019 திருத்தத்துக்குப் பின் அதிகச் சுமைக்கு 20,000 ரூபாய், அதற்கு மேல் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். கூடுதல் சுமையை இறக்கிய பிறகே வண்டி நகரலாம். செங்கல் என்றால் நூறு கிலோவை ஓரமாக அடுக்கிவிடலாம். 400 கிலோக் குதிரையில் நூறு கிலோவை மட்டும் இறக்குவது எப்படி என்று சட்டம் சொல்லவில்லை. முழுப் பாரத்தோடு ஒருமுறை எடை மேடையில் ஏற்றி, முன்சக்கரம், பின்சக்கரம் இரண்டையும் தனித்தனியாக நிறுத்துப் பார்த்துவிட்டால் இந்தச் சங்கடம் வராது. குதிரை நகரும் சுமை. அது ஓர் அடி பின்னால் தள்ளி நின்றாலே பின் அச்சின் கணக்கு மாறிவிடும்.

இனி விலை. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் தலைநகர்ப் பகுதியில் பத்து வயதான டீசல் வண்டிகளைத் தடை செய்தது. 2018-இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. பிறகு வழக்கு எத்தனை திருப்பம் கண்டாலும், ஒன்பது வயதை நெருங்கும் டீசல் வண்டியை விற்றுத் தொலைக்கும் அவசரம் டில்லிக்காரர்களை விட்டுப் போகவில்லை. விலை குறைவதற்கு இதுவே காரணம்; வண்டியில் கோளாறு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இங்கிருந்து தடையில்லாச் சான்று வாங்கி, ஈரோட்டில் வரி கட்டி, மறுபதிவு செய்ய வேண்டும். அந்தச் செலவையும் டீசலையும் கூட்டிய பிறகும் லாபம் நின்றால் வாங்கலாம். ஓசூரில் தயாரான தோஸ்த் டில்லி வரை வந்து, இங்கிருந்து அந்தியூருக்குத் திரும்புவதில் வண்டிக்கு நாடு சுற்றிப் பார்த்த புண்ணியம் உண்டு. அண்ணனுக்கு மிச்சமாகும் பணம் அநேகமாகச் சொற்பம்.

வண்டி சொந்த உபயோகத்துக்கே ஆனாலும் சரக்கு வாகனம் என்ற வகையில் மஞ்சள் பலகை, தகுதிச் சான்று, காப்பீடு மூன்றும் வேண்டும். குதிரைக்குக் கால்நடை மருத்துவரின் பயணச் சான்று தனி. வட மாநிலங்களிலிருந்து வருவதானால் கிளாண்டர்ஸ் நோய் இல்லை என்ற சோதனை முடிவையும் கேட்டு வாங்க வேண்டும். அந்த நோய்க்கான ஆய்வில் நாட்டுக்கே தலைமை இடம் ஹிசாரில் உள்ள தேசியக் குதிரை ஆராய்ச்சி மையம். சுருக்கம் இதுதான்: ஒரு குதிரைக்கு ஒண்ணேகால் டன் வண்டி, இரண்டுக்கு 407, குட்டி யானையில் கொத்தமல்லிக்கட்டு. நாடாவை எடுத்துக் குதிரையை அளந்த பிறகு லாரிக்கு முன்பணம் கொடுக்கலாம்.

அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் அன்பு.

தம்பி