பேரிங் வண்டியும் மடக்கு ஸ்கூட்டரும்

1978-ல் கோயமுத்தூர் கணபதியில் ஒரு பேரிங் வண்டி செய்யப் பணம் வேண்டியதில்லை. லேத் பட்டறைக்காரருக்கு நல்ல மனசு இருந்தால் போதும். எங்கள் வட்டாரத்தில் வீட்டுக்கு ஒருவராவது மில்லிலோ பவுண்டரியிலோ மோட்டார் பம்ப் கம்பெனியிலோ வேலை பார்த்தார்கள். மோட்டார் இரைய ஆரம்பித்தால் பேரிங் போய்விட்டது என்று அர்த்தம். கழற்றிப் போட்ட பேரிங் மோட்டாருக்கு ஆகாது, பிள்ளைகளுக்கு ஆகும். மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுப் பழைய கிரீஸைக் கழுவி, விரலில் மாட்டிச் சுண்டினால் நெடுநேரம் சுற்றும்.

எங்கள் கைக்கு வந்தவை பெரும்பாலும் 6204. அப்பா டர்னர். பேரிங் ஓரத்தில் பொறித்திருக்கும் எண்ணைப் படிக்கச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கு, உள்துளையின் விட்டம் மில்லிமீட்டரில் வரும் என்பார். நாலைந்து இருபது. ஐந்தாம் வாய்ப்பாடு எனக்கு அப்படித்தான் மனப்பாடம் ஆனது. அந்த இருபது மில்லிமீட்டருக்கு வேலங்கட்டையைச் சீவி, சுத்தியலால் தட்டித் தட்டி பேரிங்கை ஏற்றுவது அண்ணனுடைய வேலை. கொஞ்சம் கூடுதலாகச் சீவிவிட்டால் பேரிங் ஓடும்போதே கழன்றுவிடும். குறைவாகச் சீவினால் ஏறாது. காலிபர் இல்லாமல், கண்ணாலும் கட்டைவிரலாலும் அளந்தே அவன் அதைச் சரியாகக் கொண்டுவருவான். பின்னால் இரண்டு பேரிங், முன்னால் ஒன்று, நடுவே சரக்குப் பெட்டியிலிருந்து பெயர்த்த பலகை. நட்டுக்குத்தலாக ஒரு ரீப்பர் கட்டை, அதன் தலையில் குறுக்கே கைப்பிடி, கைப்பிடியில் சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றிய பட்டை. பிரேக் என்பது காலில் கிடக்கும் ரப்பர் செருப்பு.

அந்த வண்டி என்னுடையது இல்லை. வீதியில் ஓடிய எந்த வண்டியும் பெண்பிள்ளையுடையது இல்லை. சரிவில் அண்ணனும் அவன் கூட்டாளிகளும் நின்று ஓட்டுவார்கள். நாங்கள் பின்னால் தள்ளிவிடுவோம். அடியில் போய் நின்ற வண்டியை மேட்டுக்கு இழுத்து வருவதும் எங்கள் பாடு. அண்ணன் ரேஷன் கடை வரிசையில் நிற்கும் நேரம்தான் எனக்கு வாய்க்கும். பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பலகையில் ஒரு காலை வைத்து, மறுகாலால் தரையை உதைப்பேன். காது இரைய இரைய வீதி என்னை நோக்கி வரும். அந்தச் சந்தோஷத்துக்கு இணையாக எனக்குப் பிற்பாடு எந்த வாகனத்திலும் ஒன்றும் கிடைக்கவில்லை, காரிலும் சரி, விமானத்திலும் சரி.

சத்தம்தான் அந்த வண்டிக்குச் சத்துரு. தார் ரோட்டில் இரும்பு உருண்டால் எப்படி இருக்கும்! மில்லில் மூன்று ஷிப்ட். இரவு ஷிப்ட் முடித்துப் பகலில் தூங்குகிறவர்கள் வீட்டுக்கு வீடு இருந்தார்கள். "நைட் சிப்ட் பாத்துட்டு வந்து படுத்திருக்கறாங்கல்ல, அக்கட்டால போய் வெளையாடுங்க!" என்று வரிசையாகக் கதவு திறக்கும். அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது.

இப்போது எனக்குப் பேத்தி இருக்கிறாள், ஆறு வயது. பீளமேட்டில் ஒரு கல்லூரி நூலகத்தில் எனக்கு வேலை. வாயிற்கதவிலிருந்து நூலகம் வரைக்கும் வளாகத்துக்குள்ளேயே நீண்ட சாலை. பேருந்தை விட்டு இறங்கி அதை நடந்து கடப்பது முழங்காலுக்குச் சிரமமில்லை என்றாலும் காலை நேரத்தில் நிறைய நிமிடங்களைத் தின்கிறது. அதனால் எங்கள் இருவருக்குமே மடக்குகிற கிக் ஸ்கூட்டர் வாங்குவதென்று முடிவு செய்தோம். அன்று பெரியவர்கள் தூக்கி எறிந்ததை எடுத்துப் பிள்ளைகள் வண்டி செய்தார்கள். இன்று பிள்ளைகளுக்கான சாமானை எடுத்துக்கொண்டு பெரியவர்கள் ஆபீஸ் போகிறார்கள். உலகம் இப்படித் திரும்பியதில் எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

இந்தத் திருப்பத்தைத் தொடங்கிவைத்தவர்களில் முக்கியமானவர் ஸ்விட்சர்லாந்துக்காரர் விம் ஊபோட்டர். வங்கித் துறையில் இருந்தவர். 1990 வாக்கில் ஜூரிக் நகரத்தில் ஒரு மாலை, சாசேஜ் சாப்பிடப் போக நினைத்தார். கடை, கார் எடுக்கத் தேவையில்லாத அளவுக்குப் பக்கம். நடக்க அலுப்பாக இருக்கும் அளவுக்குத் தூரம். அந்த நடுத்தூரத்துக்கு என்று ஒரு சிறிய மடக்கு வண்டியை அவர் யோசித்தார். 1996-ல் கம்பெனி தொடங்கினார். 1999-ல் அவருடைய அலுமினிய மடக்கு ஸ்கூட்டர் முதலில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. மறு வருஷமே அமெரிக்காவில் ரேஸர் என்ற பெயரில் வந்த ஸ்கூட்டரைப் பிள்ளைகள் பிய்த்துக்கொண்டு வாங்கினார்கள். பெரியவர் ஒருவரின் பசிக்காகப் பிறந்த யோசனை உலகம் முழுக்கக் குழந்தைகளின் பொம்மையாகி, மெல்லத் திரும்பவும் பெரியவர்களிடம் வந்துகொண்டிருக்கிறது.

கடைக்கு அண்ணனையும் கூட்டிப்போனேன். அறுபது தாண்டியும் அவன் இன்னும் பட்டறை நடத்துகிறான். ஸ்கூட்டர் சக்கரத்தைக் கையில் எடுத்ததும் நடுவே உற்றுப் பார்த்தான். உள்ளே 608 பேரிங்: துளை 8 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 22, தடிமன் 7. சக்கரத்துக்கு இரண்டு. எங்கள் வண்டியில் பேரிங்கே சக்கரம்; 47 மில்லிமீட்டர் இரும்பு நேராகத் தரையில் உருளும். இங்கே பேரிங் சின்னதாகி உள்ளே ஒளிந்துகொண்டது, வெளியே பாலியூரித்தேன் சக்கரம் ஓடுகிறது. சத்தம் போன இடம் அதுதான்.

பெட்டியின்மேல் ஏபெக் 7, ஏபெக் 9 என்று பெரிதாகப் போட்டிருந்தார்கள். பேரிங்கை எவ்வளவு துல்லியமாகக் கடைந்திருக்கிறார்கள் என்பதற்கான தர எண் அது. காலால் உதைத்துப் போகிற வேகத்துக்கு அந்தத் துல்லியம் ஒரு பொருட்டே இல்லை. அதற்காக அதிகப் பணம் கொடுக்காதீர்கள். நம் ஊர்ப் புழுதிக்கும் மழைக்கும் முக்கியம் பேரிங்கின் மூடி. 2ஆர்எஸ் என்று போட்டிருந்தால் இருபக்கமும் ரப்பர் மூடி, தூசியும் தண்ணீரும் உள்ளே போவது குறையும். இசட்இசட் என்றால் தகர மூடி. ரப்பர் மூடியே மேல் என்பது அண்ணனுடைய தீர்ப்பு, எனக்கும் அதுவே.

அடுத்தது சக்கரத்தின் அளவு. எங்கள் பேரிங் வண்டிக்கு ஒரு சின்னச் சரளைக்கல் போதும். வண்டி நின்றுவிடும், ஓட்டியவர் மட்டும் போய்க்கொண்டிருப்பார். இரண்டு சென்டிமீட்டர் மேடு, 100 மில்லிமீட்டர் சக்கரத்துக்கு அதன் ஆரத்தில் ஐந்தில் இரண்டு பங்கு. 200 மில்லிமீட்டர் சக்கரத்துக்கு ஐந்தில் ஒரு பங்குதான். அதனால் பெரியவர்களுக்கு 200 மில்லிமீட்டருக்குக் குறைந்ததை வாங்கவே கூடாது என்பேன். ஸ்பிரிங் வைத்த மாடல்களும் உண்டு. அது அதிர்வைக் குறைக்கும், எடையைக் கூட்டும். கையில் தூக்கிப் பேருந்து ஏறுகிறவருக்கு ஒவ்வொரு அரைக்கிலோவும் கணக்குத்தான். பெரியவர்கள் ஸ்கூட்டர் நாலரையிலிருந்து ஆறு கிலோ வரை இருக்கிறது.

யாரும் கடையில் சொல்லாத விஷயம் பலகையின் உயரம். ஒவ்வொரு உதைக்கும், நிற்கிற காலின் முழங்கால் மடங்கி நிமிர வேண்டும். பலகை உயர உயர அந்த மடக்கம் கூடும். எங்கள் பேரிங் வண்டியின் பலகை தரையிலிருந்து மூன்று அங்குலத்துக்குமேல் இராது. எவ்வளவு உதைத்தும் கால் வலித்ததில்லை. கடையில் இரண்டு மூன்று ஸ்கூட்டர்களை அருகருகே நிறுத்தி, பலகையில் ஏறி நின்று மறுகாலைத் தரையில் வைத்துப் பாருங்கள், வித்தியாசம் முழங்காலில் தெரியும். ஓட்டும்போது காலை மாற்றி மாற்றி உதைப்பதும் பழக வேண்டும்.

மடிப்பு மூட்டில்தான் அண்ணன் அதிக நேரம் நின்றான். பளபளவென்று இருந்த ஒன்றை விரித்துப் பூட்டி, முன்சக்கரத்தைக் காலால் அணைத்துக் கைப்பிடியை முன்னும் பின்னும் அசைத்தான். "அம்மணி, இந்த மடிப்புல ஆட்டம் இருக்குது பாரு. புதுசுலயே இப்படின்னா ஓட ஓட அதிகமாத்தான் ஆகும்" என்றான். "அப்ப இது வேண்டாங்ணா" என்றேன். அடுத்ததில் ஆட்டமே இல்லை. பூட்டு விழும் சத்தம் தெளிவாகக் கேட்டது. தேய்ந்தால் இறுக்கிக்கொள்ள ஒரு திருகும் இருந்தது. மடக்கும்போது குழந்தையின் விரல் நசுங்குகிற இடுக்கு இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். சிறு பிள்ளைகளின் ஸ்கூட்டரைப் பெரியவர்கள் மடக்கிக் கொடுப்பதே நல்லது.

பிரேக் விஷயத்தில் கண்டிப்பு வேண்டும். பின்சக்கரத்தின்மேல் உள்ள தகட்டைக் காலால் அழுத்துவதுதான் பெரும்பாலான ஸ்கூட்டர்களின் பிரேக். காய்ந்த தரையில் அது போதும். மழையில் பிடிப்பு குறைகிறது, தொடர்ந்து அழுத்தினால் தகடு சூடாகிறது. பெரியவர்களுக்குக் கைப்பிரேக்கும் சேர்ந்த மாடல்தான் சரி. நனைந்த டைல்ஸ் நடைபாதையில் இந்தச் சக்கரங்கள் வழுக்கும். அங்கே இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். பெண்களுக்கு ஒரு வார்த்தை: சேலையோடு ஏறாதீர்கள், முந்தானை பின்சக்கரத்தில் சிக்கும். சுடிதார் என்றால் துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொள்ளுங்கள்.

ஒரே ஸ்கூட்டரைப் பாட்டியும் பேத்தியும் மாற்றி மாற்றி ஓட்டலாமே என்று மகள் கேட்டாள். கைப்பிடியை ஏற்றி இறக்கலாம், 100 கிலோ வரை தாங்கும் என்று பெட்டியிலேயே எழுதியிருக்கிறது என்பது அவள் வாதம். தாங்குவது வேறு, ஓட்டுவது வேறு. ஐந்து கிலோ வண்டியை ஆறு வயதுப் பிள்ளையால் திருப்பவோ சட்டென்று நிறுத்தவோ முடியாது. எட்டு ஒன்பது வயதுக்குமேல், உயரமும் வந்துவிட்டால் பகிர்ந்துகொள்ளலாம். அதற்குக் கீழே தனியாகத்தான் வாங்க வேண்டும். இரண்டு மூன்று வயதில் முன்னால் இரு சக்கரம், பின்னால் ஒன்று உள்ளதாக வாங்கலாம்; உடம்பைச் சாய்த்தால் அந்தப் பக்கம் திரும்பும் வகை. பேத்திக்கு அந்தப் பருவம் தாண்டிவிட்டது. அவளுக்கு இருசக்கரம், இலகுவான அலுமினியம், கைப்பிடி இடுப்புக்கு மேலே நெஞ்சுக்குக் கீழே. உருளும்போது மின்னுகிற சக்கரம்தான் வேண்டும் என்று அவள் பிடித்த பிடியில் எனக்கு ஆட்சேபம் இல்லை. பேட்டரி கிடையாது, அச்சில் இருக்கும் காந்தமே விளக்கை எரிக்கிறது. இருட்டும் நேரத்தில் மற்றவர் கண்ணில் படவும் செய்யும். பதினாலு வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் பொம்மைகளுக்கு 2021 ஜனவரி முதல் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம், அதையும் பார்த்துக்கொண்டேன். இரண்டு ஹெல்மெட்டும் ஒரு மணியும் சேர்த்து வாங்கினோம். சத்தத்துக்காகத் திட்டு வாங்கிய வண்டி இன்று சத்தமே இல்லாமல் வருவதால், முன்னால் நடக்கிறவருக்குத் தெரிவிக்க மணி வேண்டியிருக்கிறது.

கல்லூரி வளாகத்துக்குள் நூலகம் வரை இப்போது நான் உதைத்துக்கொண்டு போகிறேன். மாணவர்கள் வழிவிட்டுச் சிரிக்கிறார்கள். நன்றாக இருக்கிறது. பேத்திக்குத்தான் இடம் இல்லை. நாங்கள் ஓட்டிய அதே கணபதி வீதியில் இரு பக்கமும் கார்கள், நடுவே நிற்காமல் பைக்குகள். பேரிங் வண்டி ஓடிய காலத்தில் வண்டி மோசம், வீதி நன்றாக இருந்தது. இப்போது அருமையான வண்டி கிடைக்கிறது, வீதியைக் காணோம். ஞாயிற்றுக்கிழமை அவளை ரேஸ் கோர்ஸ் நடைபாதைக்குக் கூட்டிப் போகிறேன், கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து. அவினாசி சாலையில் உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோமீட்டருக்கு மேம்பாலம் கட்ட முடிந்த ஊர் இது. அதே ஊரில் ஒரு குழந்தை வீட்டு வாசலிலிருந்து தெருமுனை வரை ஸ்கூட்டரில் போக வழியில்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

நடைபாதை எப்படி இருக்க வேண்டும் என்று இந்திய சாலைப் பேராயம் எழுதியே வைத்திருக்கிறது: குறைந்தது 1.8 மீட்டர் அகலம், உயரம் 150 மில்லிமீட்டருக்கு மேல் கூடாது, கடக்கும் இடங்களில் சரிவு. சக்கர நாற்காலியில் வருகிறவருக்கும் குழந்தை வண்டி தள்ளுகிற தாய்க்கும் வேண்டியது அதே சரிவுதான். உங்கள் வார்டில் பகுதி சபைக் கூட்டம் நடக்கும்போது போய் உட்காருங்கள். மேம்பாலம் கேட்க வேண்டாம். உங்கள் தெருவில் 1.8 மீட்டர் கேளுங்கள், எழுத்தில் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.