போடிமெட்டுச் சாலையில் பஞ்சர்: ஒரு சிற்றாய்வு

போடிநாயக்கனூர் ஏலக்காய் வியாபாரி ஒருவர், காயை உள்ளங்கையில் போட்டு ஒரு சுற்று உருட்டிய மாத்திரத்திலேயே அது 7 எம்.எம். காயா 8 எம்.எம். காயா என்று சொல்லிவிடுவார். அந்த ஒரு மில்லிமீட்டருக்காக மின்னணு ஏலத்தில் விலையை ஏற்றிக் கேட்கவும் தயங்கமாட்டார். அதே வியாபாரியின் காரில், சாலையைப் பிடித்துக்கொள்வதற்காக டயரின் மேற்பரப்பில் வெட்டப்பட்டிருப்பதும் பேச்சுவழக்கில் ‘பட்டன்’ எனப்படுவதுமான வரிப்பள்ளம், சட்டப்படி இருக்கவேண்டிய 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போய் எத்தனை மாதமாயிற்று என்று கேட்டால், அது டிரைவருக்குத்தான் தெரியும் என்பார். டிரைவரோ, முதலாளி வாயைத் திறந்தால் மாற்றிவிடலாம் என்று காத்திருப்பார். மலைச்சாலையில் பஞ்சர் ஆவதற்கு ஆணியும் கூர்ங்கல்லுமே காரணம் என்று பொதுவாகச் சொல்லப்பட்டாலும், மொட்டை டயர் மலையேறுவதற்கு மூலகாரணம் இவ்விருவரும் ஒருவருக்கொருவர் காட்டும் மரியாதையே என்று கொள்ள இடமுண்டு.

கொச்சியையும் தொண்டியையும் இணைக்கும் 85ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, போடியை அடுத்த முந்தலில் மலையைத் தொட்டு, 17 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, போடிமெட்டில் கேரள எல்லையைக் கடந்து, பூப்பாறை வழியாக மூணாறுக்குப் போகிறது. எல்லை மலையுச்சியில் அமைந்துவிட்டதால், தமிழ்நாட்டில் ஏறிய ஆணிக்குக் கேரளத்தில் காற்று இறங்குவதும், கேரளத்தில் ஏறிய ஆணிக்குத் தமிழ்நாட்டில் இறங்குவதும் இயல்பு. காற்று இறங்கிய இடத்துச் சாலையே குற்றவாளி என்று இரு தரப்பாரும் கருதுவதால், முல்லைப் பெரியாற்றைப் போல உச்ச நீதிமன்றம் வரை போகவில்லையே தவிர, வாதங்கள் தயாராகவே இருக்கின்றன. ஒரு காலத்தில் மூணாற்றுத் தேயிலை டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவழியில் தொங்கியபடியே கொட்டகுடிக்கு இறங்கி, அங்கிருந்து வண்டியேறிப் போடிக்கு வந்தது. அந்தரத்தில் வந்த பெட்டிக்குப் பஞ்சர் ஆனதாகக் குறிப்பு ஏதுமில்லை.

சாலைகளை விட்டுவிட்டு மலையையே குற்றம் சொல்வோரும் உண்டு. உயரம் கூடக் கூட வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால், அடிவாரத்தில் 32 பி.எஸ்.ஐ. (ஒரு சதுர அங்குலத்தின் மீது இத்தனை பவுண்டு அழுத்தம் என்பது இதன் பொருள்) காட்டிய டயர், ஆயிரம் மீட்டர் மேலே போனதும் ஏறக்குறைய ஒன்றரை கூட்டிக் காட்டும் என்பது உண்மையே. ஆனால் போடியின் வெயிலிலிருந்து மேட்டின் மூடுபனிக்குள் நுழையும்போது டயருக்குள் இருக்கும் காற்று பத்து டிகிரி குளிர்ந்துபோனால், ஏறக்குறைய அதே ஒன்றரை மறுபடியும் இறங்கிவிடும். இந்தக் கையால் கொடுத்ததை அந்தக் கையால் வாங்கிக்கொண்டு கணக்கை நேர்செய்துவிடும் மலையின் மீது பழிபோட வழியில்லை.

இப்போதைய கார்களில் பெரும்பாலும் டியூப்லெஸ் டயர்களே இருக்கின்றன. அதாவது உள்ளே தனியாக டியூப் என்று எதுவுமில்லாமல், டயரின் ஓரம் சக்கரத்தின் விளிம்போடு இறுகப் பொருந்துவதாலேயே காற்று அடைபட்டு நிற்கும். இவ்வகை டயரில் ஏறிய ஆணி, தான் போட்ட ஓட்டைக்குத் தானே மூடியாகவும் இருப்பதால், அதைத் தொடாமல் பஞ்சர் கடை வரைக்கும் மெல்ல ஓட்டிப் போய்விடுவது பலவேளைகளில் இயலும். ஆயினும் குற்றவாளியைக் கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டும் என்னும் ஆவலால், காரிலிருந்து இறங்குவோரில் ஒருவர் கட்டாயம் அதைப் பிடுங்குவார், ‘இத்தண்டி ஆணி!’ என்று மற்றவர்களுக்குத் தூக்கிக் காட்டி முடிப்பதற்குள் மிச்சமிருந்த காற்றும் போய்விடும்.

ஸ்டெப்னி எனப்படும் மாற்றுச் சக்கரம் பல கார்களில் டிக்கியின் தரைப்பலகைக்கு அடியில் படுத்திருக்கிறது. ஆகவே மூணாறு போய்த் திரும்பும் குடும்பத்தின் கார் கொண்டை ஊசி வளைவொன்றில் நின்றுபோகும்போது, சக்கரத்தை வெளியே எடுப்பதற்கு முன்னால் வீட்டையே வெளியே எடுத்தாக வேண்டும். தேயிலைத் தூள் பாக்கெட்டுகள், வீட்டுத் தயாரிப்பு என்று சொல்லி விற்கப்பட்ட சாக்லேட், ஈரத்துண்டு சுற்றிய பை, இரண்டு நாளாக யாரும் தொடாத புளிச்சோற்றுத் தூக்குவாளி ஆகியவை ஒவ்வொன்றாகத் தடுப்புச்சுவரின் மீது ஏறி உட்கார, ‘இதை எப்போது வாங்கினாய்?’ என்று கணவர் கேட்பதும், அதற்கு மனைவி பதில் சொல்லாமல் பள்ளத்தாக்கின் அழகை நோக்குவதும் அவ்விடத்திலேயே நடந்தேறும். புளிச்சோற்றைப் பொறுத்தவரை குரங்குகளுக்குத் தயக்கம் எதுவும் இருப்பதில்லை. இவ்வளவும் முடிந்து வெளியே வரும் ஸ்டெப்னியிலும், கார் வாங்கிய நாளில் அடித்த காற்றுக்குப் பிறகு யாரும் காற்றுப் பிடிக்காததால், அது பஞ்சரான சக்கரத்தையும் மிஞ்சிச் சப்பையாக இருப்பதுண்டு. டயரின் அழுத்தத்தைத் தானே கண்காணிக்கும் கருவியும் பஞ்சர் ஒட்டும் பெட்டியும் உள்ள டியூப்லெஸ் கார்களுக்கு ஸ்டெப்னியே கட்டாயமில்லை என்று நடுவண் அரசு 2020-இல் விதியைத் திருத்தியது; இத்தகைய ஸ்டெப்னிகளைப் பார்த்தால், அந்த விதி சற்றுத் தாமதமாக வந்ததாகவே தோன்றும்.

காலையில் போடியிலிருந்து ஏலத்தோட்டங்களுக்குத் தொழிலாளர்களை ஏற்றிச் சென்று பொழுது சாயத் திரும்பும் ஜீப்புகள் அந்நேரத்தில்தான் வரத் தொடங்கும். கழற்றிய சக்கரம் ஒருபுறமும் ஜாக்கி மறுபுறமும் கிடக்க, கையெல்லாம் கரியாக ஒருவர் குந்தியிருப்பதைக் கண்ணாரக் கண்ட பிறகும், கடந்துபோகும் ஒவ்வொரு வண்டியிலிருந்தும் ‘பஞ்சரா?’ என்று ஒரு கேள்வி வரும். ‘இல்லை, பொழுதுபோக்கு’ என்று சொல்லத் துணிந்தவர் இதுவரை இல்லை. நிறுத்தி இறங்குவோர் அனைவரும், ‘வைதேகி காத்திருந்தாள்’ (1984) படத்தில் கவுண்டமணி ஏற்ற சைக்கிள் கடைக்காரரான ஆல் இன் ஆல் அழகுராஜாவின் நேரடி வாரிசுகளாகவே நடந்துகொள்வர். அவர்களில் ஜீப் டிரைவர் மட்டுமே உண்மையில் தொழில் தெரிந்தவர். ‘அண்ணே, மொத ஜாக்கிய எறக்குங்க’ என்று அவர் தொடங்குவது, ஒரு மணி நேர உழைப்பை அவமதிப்பதாகத் தோன்றினாலும், காரணமுடையது: சக்கரம் தரையில் ஊன்றியிருக்கும்போதே நட்டுகளைச் சற்றுத் தளர்த்திவிட வேண்டும், தூக்கிய பிறகு திருகினால் நட்டோடு சேர்ந்து சக்கரமும் சுற்றும். கைப்பிரேக் பெரும்பாலான கார்களில் பின்சக்கரங்களை மட்டுமே பிடிப்பதால், சரிவில் அதை நம்பிப் பின்சக்கரத்தைத் தூக்குவது மலையோடு சூதாடுவதாகும். எனவே கியரில் போட்டு, தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு இறக்கப் பக்கத்தில் கல் வைத்து முட்டுக்கொடுக்க வேண்டும். அக்கல்லைத் தேடிக் கொண்டுவருவது பெரும்பாலும் ஜீப்பில் வந்த பெண்களே. நாள் முழுதும் குனிந்து காய் எடுத்த கைகளுக்கு அது ஒரு பாரமாகத் தெரிவதில்லை.

புதுச் சக்கரத்தின் நட்டுகளை அடுத்தடுத்து அல்லாமல் எதிரெதிராக இறுக்கி முடித்ததும், கார்க்காரருக்கு வீட்டு நினைவு வந்துவிடும். தூக்குவாளி உட்பட அனைத்தும் டிக்கிக்குள் திரும்பும். முட்டுக்கொடுத்த கல் மட்டும் நடுச்சாலையிலேயே கிடக்கும். இருட்டில் வரும் அடுத்த வண்டியின் டயரைப் பக்கவாட்டில் கிழிக்க அது ஒன்றே போதும். ஓடும்போது ஓயாமல் வளைந்து நிமிரும் பக்கச்சுவரில் எந்த ஒட்டும் நிற்காதாதலால், அது பஞ்சர் கடையோடு முடியாமல் டயர் கடை வரைக்கும் இழுத்துவிடும். கார் கிளம்ப எத்தனிக்கும் அவ்வேளையில் ஜீப்பின் பின்பக்கத்திலிருந்து ஒரு குரல் வரும்: ‘அண்ணே, அந்தக் கல்லை ஓரமாத் தள்ளிட்டுப் போங்க. விடிஞ்சா நாங்கதேன் இதுல ஏறணும்.’