கொஞ்சம் ரிப்பேர் இருக்கு

1892-ல் ஜோஷுவா ஸ்லோகம் பாஸ்டனில் வேலை வெட்டி இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தார். பெரிய பாய்மரக் கப்பல்களுக்குக் கேப்டனாக இருந்த மனுஷர். நீராவிக் கப்பல் வந்து பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டது. சிநேகிதர் ஈபன் பியர்ஸ், ஃபேர்ஹேவனுக்கு வந்தால் ஒரு கப்பலே தருகிறேன், கொஞ்சம் ரிப்பேர் இருக்கு, அவ்வளவுதான் என்றார். பழைய சாமான் கைமாறும்போது இந்தக் ‘கொஞ்சம்’ எவ்வளவு பெரிசு என்று ஒரு கேப்டனுக்குத் தெரிய வேண்டாமோ?

போய்ப் பார்த்தால், சிப்பி அள்ளப் போய்வந்த ஒரு கிழட்டுப் படகு. கடலில்கூட இல்லை, வயலில் நிற்கிறது. பெயர் ஸ்ப்ரே. உடைத்து விறகாக்கத்தான் ஆள் வந்திருக்கிறது என்று ஊரே நினைத்தது. அவரோ பக்கத்து ஓக் மரத்தை வெட்டிச் சாய்த்து, அடிமரத்திலிருந்து மேல்தளம் வரை புதிதாகப் போட்டார். 13 மாத உழைப்பு, 553.62 டாலர் செலவு. என்னைக் கேட்டால், பியர்ஸ் இலவசமாகக் கொடுத்தது பெயரை மட்டும்தான்.

1895 ஏப்ரலில் தன்னந்தனியாக உலகைச் சுற்றக் கிளம்பினார். நீச்சல் தெரியாது. க்ரோனோமீட்டர் என்கிற கப்பல் கடிகாரத்தைச் சுத்தம் செய்ய 15 டாலர் என்றதும் அதை வீட்டிலேயே விட்டுவிட்டு, ஒன்றரை டாலர் தகரக் கடிகாரத்தை, முகம் உடைந்திருக்கிறது என்று ஒரு டாலருக்கு வாங்கினார். அது வழியில் மக்கர் பண்ணியபோது வெந்நீரில் போட்டுக் கொதிக்க வைத்தார். ஓடியது! மான்டெவிடியோவில் இரும்புப் பீப்பாயில் ஓட்டை போட்டு ஓர் அடுப்பு அமைந்தது. பச்சை விறகைப் போட்டாலும் போதாது என்று வாயைத் திறந்துகொண்டு நிற்குமாம்.

சமையலறை நிர்வாகம் அதற்கு முன்பே அமோகம். அசோர்ஸ் தீவுகளில் கிடைத்த வெள்ளைப் பாலாடைக்கட்டியையும் பிளம் பழத்தையும் ஒரே மூச்சில் தின்று, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிட்டார். கண் விழித்தால் சுக்கானில் ஓர் ஆவி! கொலம்பஸின் பின்டா கப்பல் மாலுமியாம். படகை ஒழுங்காக ஓட்டியதோடு, இரண்டையும் கலந்து தின்னலாமா என்று கண்டிக்கவும் செய்ததாம்.

ஆவி இல்லாத நாளிலும் படகு தானே ஓடியது. அசல் சொகுசு அதுதான். சுக்கானைக் கட்டிப்போட்டுவிட்டு உள்ளே போய்ப் புத்தகம் படிப்பார். தர்ஸ்டே தீவிலிருந்து கோகோஸ் தீவுகள் வரை 2,700 மைல், 23 நாள். அவர் சுக்கான் பிடித்தது மொத்தமே மூன்று மணி நேரம்.

பேச்சுத்துணை கிடைத்தது செயின்ட் ஹெலினாவில்: பரிசாக வந்த ஓர் ஆடு. அது கயிற்றையும் விடவில்லை, அவர் தொப்பியையும் விடவில்லை, போதாக்குறைக்கு மேற்கிந்தியத் தீவுகளின் வரைபடத்தையும் தின்றது. போக வேண்டிய இடமே அதுதான்! அசென்ஷன் தீவில் ஆட்டை இறக்கிவிட்டார். கறிக்குழம்பு வைக்காமல் விட்டது கேப்டனின் பெருந்தன்மை. இல்லை, அந்த அடுப்பின் லட்சணம் அப்படியோ என்னவோ.