செங்கல் மட்டும் மிச்சம்

ஹாம்பர்க் நகரத்தாருக்குப் பழமை மீது அபார பக்தி. எல்பே ஆற்று முனையில் 1875இல் ஒரு சரக்குக் கிடங்கு கட்டிப் பேரரசரைக் கௌரவிக்கும் விதமாக 'கைசர்ஷ்பைஷர்' என்று பெயரிட்டார்கள். கடல் கப்பல்கள் நேராக அதன் ஓரத்திலேயே வந்து அணைந்தன. மூட்டை அடுக்கும் கட்டடத்துக்கு ஒரு கோபுரம். அதன் உச்சியில் ஒரு பந்து. தினமும் குறித்த நேரத்தில் அது விழும். மாலுமிகள் கடிகாரத்தைத் திருத்திக்கொள்வார்கள்.

உலகப்போரில் குண்டுகள் கிடங்கைக் குதறின. கோபுரம் பிழைத்து நின்றது. அது பொறுக்குமா? 1963இல் நகரத்தாரே வெடிவைத்துத் தகர்த்தார்கள். எதிரி மிச்சம் வைத்ததை முடித்துவைக்க உள்ளூர்க்காரன் வேண்டியிருக்கிறது.

அதே இடத்தில் கட்டடக் கலைஞர் வெர்னர் கால்மோர்கன் புதிய கிடங்கு எழுப்பினார். கொக்கோ, தேயிலை, புகையிலை மூட்டைகள் வந்தன. பிறகு கண்டெய்னர் கப்பல்கள் வந்தன. மூட்டைக்கு வேலை போயிற்று. உடனே பக்தி பொங்கியது! இடிக்கக் கூடாது, பாரம்பரியம்! ஆகவே உள்ளே இருந்த அத்தனையையும் வழித்தெடுத்துவிட்டு, வெளிச் செங்கல் சுவரை மட்டும் காப்பாற்றினார்கள். ஆட்டை அறுத்துத் தின்றுவிட்டுத் தோலுக்கு மாலை போடுவது போல. அந்தச் சுவர்களின் தலைமேல் கண்ணாடியில் ஒரு கச்சேரி மாளிகை: எல்ப்ஃபில்ஹார்மனி. பழைய அடித்தளம் தாங்காதென்று 1,111 தூண்களோடு இன்னும் 650 தூண் இறக்கினார்கள்.

2010இல் திறப்பதாகச் சொன்னார்கள். திறந்தது 2017 ஜனவரியில். நகரத்தின் பங்கு 77 மில்லியன் யூரோ என்று ஆரம்பித்த கணக்கு, வரி கட்டுபவன் தலையில் 789 மில்லியனாக இறங்கியது. நடுவில் ஒப்பந்தக்காரரோடு சண்டை, கட்டுமானப் பணி முடக்கம், சட்டமன்ற விசாரணைக் குழு, தடித்த அறிக்கை. பணம் மட்டும் திரும்பி வரவில்லை. இசை வேண்டாமென்று யார் சொன்னது? பத்து மடங்குப் பொய்யைத்தான் வேண்டாமென்கிறோம்.

பக்கத்தில் தானியத்துக்காக 1879இல் எழுந்த கிடங்கு கடல்சார் அருங்காட்சியகமாகி, நல்லபடியாகவே நிற்கிறது. பழையதைப் பயன்படுத்த வழியே இல்லையென்று சொல்பவர்கள் அதே துறைமுகத்தில் நாலு எட்டு நடந்து பார்க்கலாம்.

அந்தப் புனிதச் செங்கல் சுவருக்குள் இப்போது என்ன இருக்கிறது தெரியுமா? கார் நிறுத்துமிடம். கொக்கோ மூட்டை சுமந்தவனின் பேரனும் அந்த 789 மில்லியனுக்கு வரி கட்டியவன்தான். அவனும் காசு கொடுத்துத்தான் வண்டியை அங்கே நிறுத்த வேண்டும்.